பட்டா நிலமும் பொது நீரும்

நியூயார்க் நகரத்துக் குழாய்களில் வரும் நீரில் பெரும்பகுதி வடிகட்டும் ஆலை எதையும் பார்த்ததில்லை. நகருக்கு வடமேற்கே 200 கிலோமீட்டர் தொலைவு வரை பரந்து கிடக்கும் கேட்ஸ்கில் மலைகளிலும் டெலவேர் ஆற்றின் தலைப்பகுதியிலும் பெய்யும் மழையும் உருகும் பனியும் நீர்த்தேக்கங்களில் சேர்கின்றன. நிலத்தடிச் சுரங்கக் கால்வாய்கள் வழியே நகரை அடைகின்றன. குளோரினும் புற ஊதாக் கதிரும் கிருமிகளைக் கொன்றபின் நேரே வீடுகளுக்குப் போகின்றன. நகரின் தேவையில் சுமார் 90 விழுக்காடு இப்படித்தான் நிறைவேறுகிறது. ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில், 1990களின் நடுவில் மாநகரத்துக்குச் சொந்தமாக இருந்த நிலம் மிகச் சொற்பம். மாநில அரசின் காடு ஐந்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் தனியார் கையில் இருந்தது: பால் பண்ணைகள், குடும்பங்களுக்குச் சொந்தமான காடுகள், சிற்றூர்கள், விடுமுறை வீடுகள். ஆக, ஏறத்தாழ 90 லட்சம் பேர் குடிக்கும் நீரின் தரத்தை, அவர்கள் ஒருநாளும் பார்த்திராத சில ஆயிரம் நில உரிமையாளர்கள் அன்றாடம் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள்.

நீர் பொதுச் சொத்து, நிலம் தனிச் சொத்து என்று சட்டம் பிரித்துவைத்திருக்கிறது. இயற்கையில் அப்படிப்பட்ட பிரிவு கிடையாது. ஒரு வயலில் விழும் மழைத்துளி அந்த வயலின் மண்ணையும் எருவையும் எடுத்துக்கொண்டுதான் பொது ஓடையில் இறங்குகிறது. இந்த முரணைத் தீர்க்க வழக்கமாக இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. சட்டம் போட்டு உரிமையாளரைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது ஒன்று. அவருடைய நல்லெண்ணத்தை நம்பி ஊக்கத்தொகை கொடுத்தால் போதும் என்பது மற்றொன்று. கடந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் கிடைத்திருக்கும் அனுபவம் இந்த இரண்டுமே தனித்து நின்றால் தோற்கும் என்று காட்டுகிறது. இலக்கு உறுதியாகவும் பொதுவாகவும் இருந்து, அதை அடையும் வழி உரிமையாளரின் கையில் விடப்பட்டு, செலவைப் பயனாளிகள் ஏற்கும்போதுதான் ஓடை தெளிகிறது, அதில் வாழும் உயிர்களும் திரும்புகின்றன. கேட்ஸ்கில் மலைகளின் கதையை இந்த வாதத்துக்கான முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

சட்டம் எட்டாத இடம்

1972இல் அமெரிக்கா இயற்றிய தூய நீர்ச் சட்டம், குழாய் வழியே வெளியேறும் கழிவைக் குறிவைத்தது. தொழிற்சாலையோ நகரச் சாக்கடையோ, உரிமம் இல்லாமல் ஆற்றில் கழிவை விடக்கூடாது. உரிமம் எவ்வளவு விடலாம் என்று எண்ணால் வரையறுக்கும். அந்த முறை பெரும் பயன் தந்தது. ஆனால் வயலிலிருந்து மழையோடு வழிந்தோடும் நீருக்கு அது பொருந்தவில்லை. 1977இல் பாசன வடிகால் நீருக்கும், 1987இல் விவசாய நிலத்து மழைநீருக்கும் உரிமத் தேவையிலிருந்து சட்டமே விலக்கு அளித்தது. விவசாயிகளின் அரசியல் வலிமை இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்த மாசின் இயல்பு. இதற்குக் குழாய் இல்லை, நேரம் இல்லை, அளவு இல்லை. ஒரு புயல் நாளில் ஆண்டின் மாசில் பெரும்பகுதி ஓடிவிடும். மறுநாள் வந்து பார்க்கும் ஆய்வாளருக்குத் தெளிந்த ஓடைதான் தெரியும். இன்று அந்நாட்டின் ஆறுகளையும் ஓடைகளையும் கெடுக்கும் காரணிகளில் விவசாய நிலத்து வழிநீரே முதலிடம் பெறுகிறது என்பதை அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் மதிப்பீடுகளில் ஒப்புக்கொள்கிறது.

கேட்ஸ்கில் பள்ளத்தாக்கின் ஒரு பால் பண்ணையை அருகிலிருந்து பார்த்தால் சிக்கல் விளங்கும். மலைச்சரிவுக்கு இடையே சமதளம் என்று இருப்பது ஓடையை ஒட்டிய குறுகிய பட்டைதான். தொழுவம், களஞ்சியம், மக்காச்சோள வயல், மேய்ச்சல் நிலம் எல்லாமே அங்கேதான் அமைந்தன. மாடுகள் ஓடையில் இறங்கித் தண்ணீர் குடிக்கும், நீரிலேயே சாணமிடும், கரையை மிதித்துச் சரிக்கும். குளிர்காலம் நீண்டது. சேமித்துவைக்க இடம் இல்லாத பண்ணையில் தினமும் சேரும் சாணத்தை உறைந்த நிலத்தின் மீதே பரப்ப வேண்டிவரும். வசந்தத்தில் பனி உருகும்போது அது நிலத்துக்குள் இறங்காமல் மேலாகவே வழிந்து ஓடைக்குப் போகும். அதிலுள்ள பாஸ்பரஸ் நீர்த்தேக்கத்தில் பாசியை வளர்க்கும். பாசி மடிந்து அழுகும்போது நீரின் உயிர்வாயு குறையும். அந்தக் கரிமப் பொருள்மீது குளோரின் சேரும்போது உடலுக்குத் தீங்கான துணைப்பொருட்கள் உருவாகும். டெலவேர் மாவட்டத்திலுள்ள கேனன்ஸ்வில் நீர்த்தேக்கம் இந்தத் துன்பத்தை நெடுங்காலம் அனுபவித்தது.

பாஸ்பரஸைவிட அச்சம் தந்தது கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி. இளங்கன்றுகளின் சாணத்தில் இது மிகுதி. வழக்கமான அளவு குளோரினுக்கு இது சாவதில்லை. 1993இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியே இது பரவி, சுமார் நான்கு லட்சம் பேர் நோயுற்றார்கள். அங்கே ஆற்றல்மிக்க வடிகட்டும் நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆலை ஒன்றை மட்டும் நம்பிய நகரம், மூலத்தில் நடப்பதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது கடுமையான பாடம்.

இங்கே ஒரு நுட்பமான அறிவியல் உண்மை முக்கியமாகிறது. கேட்ஸ்கில் மண் ஆழமற்றது. அடியில் நீர் புகாத இறுகிய படிவம் உண்டு. அதனால் மழைநீர் நிலம் முழுவதிலும் ஒரேபோல வழிவதில்லை. சரிவின் அடிவாரம், இரண்டு சரிவுகள் கூடும் மடிப்பு, ஊற்றுக்கண் இருக்கும் இடம் என்று சில திட்டுகள் மட்டும் நீர் ஊறி நிரம்பும். வழிநீர் அங்கிருந்துதான் புறப்படும். ஆண்டின் பருவத்துக்கு ஏற்ப அந்தத் திட்டுகள் விரியும், சுருங்கும். கார்னெல் பல்கலைக்கழக மண்ணியல் ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இதிலிருந்து பிறக்கும் முடிவு தெளிவானது: ஒரே வயலில், மேட்டில் இட்ட எரு பயிருக்குப் போகும், பள்ளத்தில் இட்ட எரு குடிநீருக்குப் போகும். எந்தப் பள்ளம் எந்த மாதத்தில் நனையும் என்பதைத் தலைநகரில் எழுதப்படும் விதிமுறை அறியாது. ஏப்ரலில் டிராக்டர் எங்கே புதையும் என்று தெரிந்த பண்ணைக்காரர் அறிவார். தனியார் உரிமையாளரைக் கூட்டாளியாக ஏற்றே தீர வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இந்த அறிவு அவரிடம் இருப்பதுதான். அவர்மீது காட்டும் பரிவு அதற்குப் பிந்திய காரணமே.

ஒரு மோதலும் ஓர் ஒப்பந்தமும்

1989இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. ஆறு, ஏரி நீரைப் பயன்படுத்தும் நகரங்கள் அனைத்தும் அதை வடிகட்ட வேண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதி நன்கு பாதுகாக்கப்படுகிறது என்று நிரூபிக்கும் நகரத்துக்கு மட்டும் விலக்கு. நியூயார்க்குக்கு வடிகட்டும் ஆலை கட்ட 600 கோடி டாலருக்கு மேல் ஆகும், அதன்பின் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் இயக்கச் செலவு என்று கணக்கிடப்பட்டது. மாநகரம் முதலில் எடுத்த வழி கட்டாயம். 1990இல் அது வெளியிட்ட வரைவு விதிகள் ஓடையருகே எரு இடுவதையும் பண்ணை வேலைகளையும் கடுமையாகக் கட்டுப்படுத்தின. மலைப்பகுதி கொதித்தெழுந்தது. ஓடையருகே கட்டுப்பாடு என்றால், அந்தப் பள்ளத்தாக்குகளில் அது பண்ணையின் விளைநிலம் முழுவதற்கும் கட்டுப்பாடு.

அந்தக் கோபத்துக்குப் பழைய காயமும் காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஷோக்கன் நீர்த்தேக்கத்துக்காகவும், 1950களில் பெபாக்டனுக்காகவும், 1960களில் கேனன்ஸ்வில்லுக்காகவும் மாநகரம் கட்டாயமாக நிலம் எடுத்தது. ஊர்கள் நீரில் மூழ்கின, கல்லறைகள் பெயர்த்து எடுக்கப்பட்டன, தலைமுறைகளாக உழுத குடும்பங்கள் வெளியேறின. எஞ்சிய நிலத்தையும் விதியால் பறிக்க வருகிறார்கள் என்று அங்குள்ளோர் எண்ணியதில் வியப்பில்லை. வரலாற்றை விட்டுவிட்டு நீர்க்கொள்கையை மட்டும் பேசினால் இந்த எதிர்ப்பு வெறும் சுயநலமாகத் தோன்றும்.

அப்போது மாநகரச் சுற்றுச்சூழல் துறையின் ஆணையராக இருந்த ஆல்பர்ட் ஆப்பிள்டன் பண்ணையாளர்களோடு பேச முன்வந்தார். நீண்ட பேச்சுவார்த்தையின் விளைவாக எழுந்த ஏற்பாடு எளிமையானது, ஆனால் கூர்மையானது. பண்ணையாளர்களே பெரும்பான்மையாக நடத்தும் நீர்ப்பிடிப்பு விவசாயக் கழகம் 1993இல் உருவானது. ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனித் திட்டம் எழுதப்படும். அதன் செலவை மாநகரம் ஏற்கும். எந்தப் பண்ணையாளரும் தனிப்பட்ட முறையில் கட்டாயப்படுத்தப்பட மாட்டார். அதே வேளையில், ஐந்து ஆண்டுகளுக்குள் 85 விழுக்காட்டுப் பண்ணைகள் சேராவிட்டால் கட்டாய விதிகள் திரும்ப வரும் நிலை இருந்தது. தனி மனிதருக்கு விருப்பம், கூட்டத்துக்குக் கடமை என்பதே அதன் சாரம். சேர்க்கை 90 விழுக்காட்டைத் தாண்டியது. தயங்கிய அண்டை வீட்டாரை இணங்க வைத்தவர்கள் அதே பள்ளத்தாக்கின் பண்ணையாளர்கள்தாம்.

1997 ஜனவரியில் மாநகரம், மாநில அரசு, மத்திய முகமை, மலைப்பகுதிச் சிற்றூர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து விரிவான உடன்படிக்கை செய்துகொண்டன. நிலத்தை விற்க விரும்புவோரிடமிருந்து மட்டுமே மாநகரம் வாங்கும். வாங்கிய நிலத்துக்கு உள்ளூர் வரி கட்டும். வீடுகளின் பழுதடைந்த கழிவுநீர்த் தொட்டிகளைச் சீர்செய்யப் பணம் தரும். சிற்றூர்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தும். அடுத்த ஆண்டு மத்திய அரசின் வேளாண் துறையும் கைகோத்தது: ஓடையோர நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் பயிரிலிருந்து விலக்கி, வேலியிட்டு, மரம் நடும் உரிமையாளருக்கு ஆண்டு வாடகை. மாடுகளுக்கு ஓடைக்கு வெளியே குடிநீர்த் தொட்டி, கன்றுகளுக்குத் தனிக் கொட்டில், சாணம் சேமிக்கும் கிடங்கு, தொழுவக் கூரையின் மழைநீரைச் சாணத்தில் படாமல் திருப்பும் வடிகால் என்று வேலைகள் நடந்தன. இவை பண்ணைக்கும் நல்லவை. சுத்தமான நீர் குடிக்கும் மாட்டின் உடல்நலம் மேம்படும். சேற்றில் நிற்காத மாட்டின் குளம்பு அழுகாது.

வடிகட்டாமல் நீர் வழங்கும் அனுமதி அன்றிலிருந்து தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வருகிறது. 2017இல் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அதே நகரத்தின் இன்னொரு நீர்மூலமான க்ரோட்டன் பகுதியின் நிலை வேறு. நகருக்கு அருகில் இருந்ததால் அங்கே நிலம் வீட்டுமனைகளாகவும் சாலைகளாகவும் மாறிப்போனது. சுமார் 10 விழுக்காடு நீரை மட்டுமே தரும் அந்த மூலத்துக்கு வடிகட்டும் ஆலை கட்ட 300 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. 2015இல்தான் அது இயங்கத் தொடங்கியது. ஒரே நகரம், ஒரே நிர்வாகம். நிலத்தின் பயன்பாடு வேறுபட்டதால் விளைவும் வேறுபட்டது.

ஓடையில் கிடைத்த சான்று

பண்ணை வேலைகளால் நீர் உண்மையில் திருந்தியதா என்று கேட்பது நியாயம். கேனன்ஸ்வில் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒரு பால் பண்ணையின் ஓடையையும், பண்ணையே இல்லாத அருகிலுள்ள காட்டு ஓடையையும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இணையாக அளந்தார்கள். மழை அதிகமான ஆண்டு, குறைந்த ஆண்டு என்ற வேறுபாட்டைக் காட்டு ஓடை காட்டிக்கொடுக்கும். அதைக் கழித்தபின் மிஞ்சுவது பண்ணை மாற்றத்தின் விளைவு. 2005இல் வெளியான முடிவின்படி, புயல்மழைக் காலங்களில் கரைந்த நிலையிலுள்ள பாஸ்பரஸ் 40 விழுக்காட்டுக்கு மேலும், மண் துகள்களோடு வரும் பாஸ்பரஸ் 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் தணிந்திருந்தன. பால் உற்பத்தியை நிறுத்தாமலே கிடைத்த பலன் இது.

ஓடையோர மரங்களின் ஆற்றலுக்கு இன்னும் பழைய சான்று உண்டு. மேரிலாந்தில் ரோட் ஆற்றங்கரையில் பீட்டர்ஜான், கோரல் என்ற இரு அறிவியலாளர்கள் மக்காச்சோள வயலையும் அதற்கும் ஓடைக்கும் இடையே நின்ற காட்டுப் பட்டையையும் அளந்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயல் தனக்கு வந்த நைட்ரஜனில் மிகச் சிறு பங்கையே பிடித்துவைத்தது. காட்டுப் பட்டை தன்னை வந்தடைந்ததில் சுமார் 89 விழுக்காட்டைத் தடுத்து நிறுத்தியது. வேர்கள் உறிஞ்சுவது ஒரு பங்கு. ஈரமான, உயிர்வாயு குறைந்த மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விடுவது இன்னொரு பங்கு. குறுகிய ஒரு பட்டை நிலம், பரந்த வயலின் பிழையைத் திருத்திவிடுகிறது.

நீரின் தரமும் வாழிடமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைப் பென்சில்வேனியாவின் ஸ்ட்ரவுட் நீர் ஆய்வு மையத்தின் ஆய்வுகள் காட்டின. மரம் இல்லாத கரையில் புல் அடர்ந்து ஓடையை இரு புறமும் நெருக்கும். ஓடை ஒடுங்கி ஆழமாகி வேகமாக ஓடும். மரநிழல் விழும் ஓடை அகலமானது, அடித்தளம் பரந்தது. அந்தப் பரந்த அடித்தளத்தில் கற்களின் மீது படரும் நுண்ணுயிர்ப் படலம் அதிகம். உதிர்ந்த இலைகளைத் தின்று வாழும் பூச்சிகளின் இளம்பருவங்கள் அதிகம். ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அந்த ஓடை அதிக நைட்ரஜனை உட்கொள்ளும், அதிக மாசைச் சிதைக்கும். ஸ்வீனி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட இந்த முடிவு நம் எண்ணத்தைத் திருத்துகிறது. கரையோர மரம் வயலிலிருந்து வரும் மாசைத் தடுப்பதோடு நிற்பதில்லை. ஏற்கெனவே நீரில் கலந்துவிட்ட மாசை ஓடையே தூய்மைப்படுத்தும் ஆற்றலையும் அதற்குத் தருகிறது. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் புரூக் டிரவுட் மீனுக்குக் கோடையில் நிழல்தான் உயிர். மீனைக் காப்பதும் குடிநீரைக் காப்பதும் ஒரே கரையில், ஒரே மரத்தால் நடக்கும் வேலை.

அச்சம் அழிக்கும் வாழிடம்

உரிமையாளரைப் புறந்தள்ளினால் வாழிடத்துக்கு என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்கு ஊசியிலைக் காடுகளில் ரெட் காக்கேடட் என்ற மரங்கொத்தி வாழ்கிறது. முதிர்ந்த பைன் மரங்களில்தான் அது கூடு குடையும். அழிவுநிலை உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பறவை வந்து குடியேறிய நிலத்தில் மரம் வெட்டத் தடை. இதன் விளைவை லூயிக், மைக்கேல் என்ற பொருளியலாளர்கள் 2003இல் வடகரோலினா நிலத்தரவுகளைக் கொண்டு காட்டினார்கள்: பறவைக் கூட்டங்களுக்கு அருகே இருந்த உரிமையாளர்கள் தங்கள் மரங்களை முதிரும் முன்பே வெட்டிவிட்டார்கள். பறவையைக் காக்க வந்த சட்டம், அச்சத்தின் வழியே அதன் எதிர்கால வீட்டை அழித்தது.

1995இல் அதே மாநிலத்தில் தொடங்கிய மாற்று ஏற்பாடு இந்த முடிச்சை அவிழ்த்தது. இன்று உங்கள் நிலத்தில் எத்தனை பறவைக் குடும்பங்கள் உள்ளனவோ அவற்றைக் காப்பது உங்கள் கடமை. அதற்கு மேல் நீங்கள் வாழிடம் வளர்த்து, பறவை பெருகினால், அதற்காகப் புதிய தடை எதுவும் உங்கள்மீது விழாது என்று அரசு எழுத்தில் உறுதி தந்தது. பிற முயற்சிகளோடு இதுவும் சேர்ந்ததன் பயனாக அந்தப் பறவையின் எண்ணிக்கை தேறியது. 2024இல் அதன் சட்டநிலை ஒரு படி தளர்த்தப்பட்டது. கேட்ஸ்கிலில் கண்ட அதே அமைப்பை இங்கும் பார்க்கிறோம். அடிப்படைக் கடமை உறுதியானது, அதற்கு மேற்பட்ட நன்மைக்கு உரிமையாளர் தண்டிக்கப்படுவதில்லை.

மறுப்புகளுக்குப் பதில்

இதற்கு எதிரான மறுப்புகளில் வலுவானது அறம் சார்ந்தது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியைத் தலைகீழாக்கி, மாசை நிறுத்துவதற்காக மாசுபடுத்துபவருக்கே பணம் கொடுப்பது நியாயமா? இந்தக் கேள்வியை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். சாணக் குழியை நேரே ஓடையில் திறந்துவிடுகிறவருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. அவரைத் தண்டிக்க வேண்டும். ஆனால் விளைநிலத்தில் ஒரு பட்டையை மரத்துக்கு விட்டுக்கொடுப்பதும், 90 லட்சம் பேருக்காகத் தன் பண்ணையை மாற்றியமைப்பதும் வேறு வகையானவை. தொழிற்சாலை தன் செலவைப் பொருளின் விலையில் ஏற்றலாம். சிறு பால் பண்ணையாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பாலின் விலையை அவர் வைப்பதில்லை. செலவை அவர்மீது சுமத்தினால் பண்ணை மூடப்படும், நிலம் மனைகளாகும். க்ரோட்டனில் நடந்ததைப் பார்த்தபின், பண்ணையைத் தோற்கடிப்பது நீருக்கு வெற்றி என்று சொல்ல முடியாது. எனவே கோட்டை எங்கே போடுவது என்பதுதான் பொருளுள்ள கேள்வி: அடிப்படைக் கடமை சட்டத்தால், அதற்கு மேற்பட்ட சேவை ஒப்பந்தத்தால்.

அடுத்தது நடைமுறை சார்ந்தது. விருப்பத்தின் அடிப்படையிலான திட்டங்கள் பெரிய அளவில் பலித்ததில்லை என்று சொல்வோர் செசபீக் விரிகுடாவைக் காட்டுகிறார்கள். ஆறு மாநிலங்களில் 1,60,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு 2010இல் மாசு உச்சவரம்பு விதிக்கப்பட்டு, 2025க்குள் வேலைகளை முடிக்கத் திட்டமிடப்பட்டது. கழிவுநீர் நிலையங்கள் தங்கள் பங்கைப் பெருமளவு செய்தன; விவசாய நிலம் பின்தங்கியது. வயல் மாசைக் குறைக்க ஊக்கத்தொகைத் திட்டங்கள் இப்போதுள்ள வடிவில் போதா என்று விரிகுடாவின் அறிவியல் ஆலோசனைக் குழு 2023இல் தெளிவாகச் சொன்னது. இந்தச் சான்றை முழுமையாக ஏற்கிறேன். அது என் வாதத்தை மறுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. செசபீக்கில் ஊக்கத்தொகை இருந்தது. ஒரு பள்ளத்தாக்கின் பண்ணையாளர்கள் கூட்டாக எட்ட வேண்டிய இலக்கு இல்லை. பணம் கேட்டு வந்தவருக்குப் போனதே தவிர, அதிக மாசு புறப்படும் திட்டுகளைத் தேடிப் போகவில்லை. கேட்ஸ்கிலில் ஒரு நகரம் ஒப்பந்தத்தின் மறுமுனையில் நின்றது. தோற்றால் பல நூறு கோடி டாலர் ஆலை என்ற வாள் அதன் தலைமேல் தொங்கியது. பண்ணையாளர்கள் தலைமேல் 85 விழுக்காடு தொங்கியது. இரு தரப்புக்கும் விலகிப்போக வழி இல்லாதபோது விருப்பம் வலிமை பெற்றது.

நிலத்தையே வாங்கிவிடலாமே என்பார்கள் சிலர். மாநகரம் வாங்கவும் செய்தது. 1997க்குப் பிறகு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலத்தையோ நிலத்தின் மேம்பாட்டு உரிமையையோ பெற்றிருக்கிறது. ஆனால் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2020இல் இத்திட்டத்தை மதிப்பிட்டபோது, ஓடையிலிருந்து விலகிய பெரிய பரப்புகளை வாங்குவதைக் குறைத்து, ஓடையோர நிலங்களில் பணத்தைச் செலுத்துமாறு பரிந்துரைத்தன. எங்கும் வாங்கிக் குவித்தால் ஊர்களுக்குக் குடியேறவும் தொழில் செய்யவும் இடம் சுருங்கும்; மக்கள் பகையானால் மிஞ்சிய நிலத்தின் ஒத்துழைப்பும் போகும்.

கடைசி மறுப்பு காலத்தைப் பற்றியது. ஒப்பந்தம் முடிந்ததும் உரிமையாளர் மரத்தை வெட்டினால்? இது கற்பனை அச்சமல்ல. பயிர் நிலத்தை ஓய்வில் விட வாடகை தரும் மத்திய அரசுத் திட்டத்தில் 2007இல் சுமார் 3.7 கோடி ஏக்கர் இருந்தது. மக்காச்சோள விலை ஏறியதும் பத்தாண்டுக்குள் அது சுமார் 2.4 கோடியாகச் சுருங்கியது. பணத்தால் மட்டும் கட்டிய அக்கறை பணத்தோடு போய்விடும் என்பதை ஆல்டோ லியோபோல்டு நெடுநாள் முன்பே உணர்ந்திருந்தார். 1949இல் வெளியான தம் நூலில், இலவச உதவி பெற்ற விஸ்கான்சின் விவசாயிகள் உடனடி லாபம் தந்த முறைகளை மட்டுமே தொடர்ந்து கடைப்பிடித்ததை அவர் வருத்தத்துடன் பதிவு செய்தார். இதற்கு இரண்டு விடைகள் சேர்ந்து வேண்டும். ஒன்று, நிலையான பத்திரம்: உரிமையாளர் நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதை மனையாகப் பிரிக்கும் உரிமையையும் கரையைக் கெடுக்கும் உரிமையையும் மட்டும் விலைக்கு விட்டுவிடுகிறார், அடுத்து வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். மற்றொன்று, இடைவிடாத செலவை இயல்பாக ஏற்கும் மனநிலை. வடிகட்டும் ஆலைக்கு மின்சாரம், வேதிப்பொருள், பணியாளர் என்று ஆண்டுதோறும் செலவு செய்ய எந்த நகரமும் தயங்குவதில்லை. அதே வேலையைச் செய்யும் ஓடைக்கரைக்கு ஆண்டுதோறும் பணம் கொடுப்பதை மட்டும் தானமாகப் பார்ப்பது தவறு. அது பராமரிப்புச் செலவு.

கேனன்ஸ்வில் தெளிந்ததில் பண்ணைகளின் பங்கு எவ்வளவு, கழிவுநீர் நிலையங்களின் பங்கு எவ்வளவு, பால் பண்ணைகளின் எண்ணிக்கையே குறைந்ததன் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிப்பது கடினம். இதைச் சொல்லாமல் விட்டால் வாதம் நேர்மையற்றதாகிவிடும். ஆனால் இந்தக் கலப்பே ஒரு கொள்கைப் பாடம் தருகிறது. ஊரின் சாக்கடையைச் சீர்செய்யாமல் உழவரை மட்டும் குறை சொன்ன திட்டமாக இருந்திருந்தால் ஒரு பண்ணையும் அதில் சேர்ந்திருக்காது. எல்லோரும் தத்தம் பங்கைச் செய்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் ஒவ்வொருவரையும் செய்ய வைத்தது.

கேட்ஸ்கிலை அப்படியே வேறிடத்தில் நகலெடுக்க முடியாது. பணக்கார நகரமும் பெரும்பகுதி காடாக இருக்கும் மலைகளும் எல்லா ஆறுகளுக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அது நிறுவிய நெறிகள் எந்த ஆற்றுக்கும் பொருந்தும். நீருக்கான இலக்கைச் சமூகம் உறுதியாக வைக்க வேண்டும், அதில் பேரம் கூடாது. அந்த இலக்குக்குத் தனி மனிதரோடு அவர் வாழும் பள்ளத்தாக்கும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். எந்த மூலையில் வேலி, எந்தச் சரிவில் மரம் என்பதை நிலத்தை அறிந்தவரும் அறிவியலாளரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். பயன் பெறும் நகரம் செலவைத் தொடர்ந்து ஏற்க வேண்டும். விளைவை ஓடையிலேயே அளந்து, எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை வலுவிழக்கும் என்பதைச் செசபீக் காட்டிவிட்டது. நில உரிமையாளரை ஆற்றின் எதிரியாகக் கருதும் கொள்கை அவரை எதிரியாகவே ஆக்கிவிடும்; அவருடைய தயவை மட்டும் நம்பும் கொள்கை ஆற்றைக் கைவிட்டுவிடும். கடமையும் மதிப்பும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதப்படும்போது, பட்டா நிலம் பொது நீருக்குக் காவலாக மாறுகிறது. அப்படி எழுத முடியும் என்று ஒரு மலைப்பகுதி முப்பது ஆண்டுகளாக நிரூபித்து வருகிறது. முடியாது என்று சொல்லிக் காலத்தைக் கடத்த இனி எந்த அரசுக்கும் நியாயமான காரணம் இல்லை.